சமூக ஊடகங்களும் பத்திரிகை நிருபரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பத்திரிகை நிருபர்கள் தம் தொழிலிலே சமூக ஊடகங்களை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள். வாலிபர் சங்கமொன்றின் மேடையிலே இப்பொருளுக்கு என்ன வேலை என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். இச்சபையிலுள்ள வாலிபருட் பலர் ஏற்கெனவே நிருபர்களாகத்தான் இருக்கின்றனர்; சம்பளமும் அடையாள அட்டையும் கிடைக்காத குறை ஒன்றே. சந்தியிலே விபத்து நேர்ந்தால் அம்புலன்ஸ் வருமுன் படம் வந்துவிடுகின்றது. ஊரிலே ஒருவர் காலமானால், பந்தல் போடுமுன்னரே, பிறதேசத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டார் அறிவிக்குமுன்னரே, முகநூலிலே அஞ்சலி வந்துவிடுகின்றது. தகப்பன் இறந்த செய்தியை ஊரவன் ஒருவன் இட்ட படத்திலிருந்து மகன் அறிந்துகொள்ளும் நிலை நல்லதா என்பதைப் பெரியோர்கள் தீர்மானிக்கட்டும்.

பெரியோர்கள் சொல்லும் குறை இன்னொன்றும் உண்டு. "இப்பொழுது பத்திரிகைக்காரர் முகநூலைப் பார்த்துத்தானே எழுதுகிறார்கள்" என்பது அது. இக்குறை முற்றாகப் பொய்யன்று. எவரோ எழுதியதை எடுத்து, "சமூக வலைத்தளங்களில் வேகமாகப் பரவி வருகின்றது" என்ற ஒரு வாக்கியத்தைக் கடைசியிற் சேர்த்து, செய்தியென்று வெளியிடும் வழக்கம் பெருகிவிட்டது. அவ்வாக்கியத்தைக் காணுந்தோறும், இதனை ஒருவரும் விசாரிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் இணைக்கப்பட்டிருக்கிறது என்றே நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

எனினும், குறையை மாத்திரம் கூறி அமர்ந்துவிட எமக்கு மனமில்லை. இதே ஊடகங்களைக் கொண்டு அருமையான காரியங்களைச் சாதித்த நிருபர்கள் பலர் உளர். அவர்களெல்லாம் சமூக ஊடகத்தைச் சாட்சிகள் கூடிநிற்கும் ஓரிடமாகக் கருதினார்கள். சாட்சியைத் தேடினார்கள், கேட்டார்கள், அவன் சொன்னதைச் சோதித்தார்கள், பிறகுதான் எழுதினார்கள். அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்லுவதே எமது நோக்கம்.

முகநூல் 2004 ஆம் ஆண்டிலும், யூரியூப் 2005 இலும், ருவிற்றர் 2006 இலும், வட்ஸ்அப் 2009 இலும் தோன்றியவை. ருவிற்றர் 2023 ஜூலை முதல் எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கிறது. அதற்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து அதன் பழைய பெயரையே வழங்குவாம்.

2009 ஆம் ஆண்டு ஏப்பிரல் 1 ஆந் திகதி இலண்டன் நகரத்தின் வர்த்தகப் பகுதியிலே, ஜீ-20 நாடுகளின் மகாநாட்டை முன்னிட்டுப் பெரும் ஆர்ப்பாட்டம் நடைபெற்றது. அன்று மாலை இயன் தொம்லின்சன் என்னும் 47 வயதுடைய ஒருவர் வீதியிலே விழுந்து இறந்தார். அவர் ஆர்ப்பாட்டக்காரர் அல்லர். தெருவிலே பத்திரிகை விற்றுச் சீவித்தவர். வேலை முடிந்து இருப்பிடம் திரும்பிக்கொண்டிருந்தவர். மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. முதலாவது பிரேத பரிசோதனையும் இருதய நோயையே காரணமாகக் காட்டிற்று. அவருக்கு உதவி செய்த பொலிசார்மீது கூட்டத்தினர் போத்தல்களை எறிந்தனர் என்றுங்கூடச் செய்தி வெளிவந்தது. பெரும்பாலான பத்திரிகைகள் அத்துடன் விட்டுவிட்டன.

கார்டியன் பத்திரிகையின் நிருபர் போல் லூயிஸ் விடவில்லை. அன்று அவ்விடத்தில் நின்றவர்கள் இணையத்திலே இட்டிருந்த படங்களை அவர் தேடினார். படமெடுத்தவர்களைக் கண்டுபிடித்துப் பேசினார். இம்மனிதரை எவரேனும் கண்டீர்களா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று ருவிற்றரிலே பகிரங்கமாகக் கேட்டார். ஒருவர் மற்றொருவரைக் காட்ட, சாட்சிகள் ஒவ்வொருவராக முன்வந்தனர். அவர் விழுமுன் பொலிசார் அவரைத் தாக்கியதைக் கண்டோம் என்று சிலர் கூறினர். பத்திரிகை இவ்விதம் விடாது கேட்டுக்கொண்டிருந்தபடியால், நியூயோர்க்கிலிருந்து தொழில் நிமித்தம் இலண்டனுக்கு வந்துபோன ஒருவர், தமது சிறு கமராவிற் பதிந்திருந்த காணொளியைக் கார்டியனுக்குக் கொடுத்தார். ஏப்பிரல் 7 ஆந் திகதி அது வெளியாயிற்று. கைகளைக் காற்சட்டைப் பையில் இட்டபடி, பொலிசாருக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்த மனிதரை ஓர் உத்தியோகத்தர் பொல்லால் அடித்துப் பின்னாலிருந்து தள்ளி வீழ்த்துவதை உலகம் கண்டது.

2011 மே மாதத்திலே மரண விசாரணை ஜூரிமார், இது சட்டவிரோதமான கொலை என்று தீர்ப்பளித்தனர். அந்த உத்தியோகத்தர் 2012 இல் வழக்கிலே குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டாராயினும், அதே ஆண்டில் பொலிஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். 2013 ஆகஸ்டில் இலண்டன் பொலிஸ் திணைக்களம் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரி நட்டஈடும் கொடுத்தது. அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்காணொளி எந்த முகநூலிலும் பரவிக்கொண்டிருந்ததன்று. நிருபர் கேட்டபடியாலேதான் அது வந்தது.

கேட்கும் கலையை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனவர் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் டேவிட் பாரென்தோல்ட். 2016 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்ட டொனால்ட் டிரம்ப், தாம் தருமத்துக்கு ஏராளமாகக் கொடுத்தவர் என்று சொல்லிவந்தார். எங்கே கொடுத்தார் என்று பார்க்கப் புறப்பட்ட நிருபர், நானூறுக்கு மேற்பட்ட தரும ஸ்தாபனங்களுடன் தொடர்புகொண்டு விசாரித்தார். விசாரித்த ஸ்தாபனங்களின் பெயர்களையும் அவை சொன்ன விடையையும் ஒரு குறிப்புப் புத்தகத்திலே கையால் எழுதி, அத்தாளைப் படமெடுத்து ருவிற்றரில் இட்டார். நம் நாட்டு நிருபர் ஒருவருக்கு இதைச் சொன்னால் தலையிலே கை வைப்பார். தன்னிடமுள்ள துப்பை எதிர்ப் பத்திரிகைக்காரனுக்குக் காட்டலாமா என்பார். ஆனால் அவ்வாறு காட்டியபடியால், யாரைக் கேட்கவில்லை என்று வாசகர்கள் எடுத்துச் சொன்னார்கள். விட்டுப்போனது இன்னது என்று தெரிந்தது.

டிரம்பின் தரும நிதியத்திலிருந்து 10,000 டொலர் கொடுத்து அவருடைய உருவப்படம் ஒன்று ஏலத்தில் வாங்கப்பட்டது என்று தெரியவந்தது. தருமப் பணத்தில் வாங்கிய பொருளைச் சொந்த வியாபார ஸ்தலத்திலே மாட்டிவைத்தல் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. அந்தப் படம் இப்பொழுது எங்கே என்று பாரென்தோல்ட் ருவிற்றரில் கேட்டார். பிரயாணிகள் தாம் தங்கிய விடுதிகளைப் பற்றி எழுதும் தளமொன்றிலே, புளோரிடாவிலுள்ள டிரம்பின் உல்லாச விடுதியின் சுவரில் அப்படம் தொங்குவதை வாசகி ஒருவர் கண்டுபிடித்தார். அந்தப் புகைப்படம் பழையது. படம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்பது தெரியாது. அதை எழுதிவிடாமல் நிருபர் பொறுத்திருந்தார். அவ்வூரிலிருந்த வேறொரு தொலைக்காட்சிச் செய்தியாளர் அன்றிரவே அவ்விடுதியில் அறை எடுத்துத் தங்கி, நேரிலே போய்ப் பார்த்து, படமெடுத்து அனுப்பினார். அதன் பின்னரே செய்தி எழுதப்பட்டது. 2017 இல் பாரென்தோல்டுக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. 2018 டிசெம்பரிலே அந்நிதியம் கலைக்கப்படுவதற்கு இணக்கம் காணப்பட்டது. 2019 நவெம்பரில் 20 இலட்சம் டொலர் செலுத்தும்படி நியூயோர்க் நீதிமன்றம் டிரம்புக்குக் கட்டளையிட்டது.

நிற்க, இனிக் கூறப்போவது மனத்துக்குக் கடினமானது. தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் சோதித்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எமக்குத் தெரியாது.

2018 ஜூலையிலே ஒரு காணொளி ஆபிரிக்கா எங்கும் பரவியது. இராணுவ உடையணிந்த சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு மண்பாதை வழியே நடத்திச் செல்கின்றனர். ஒரு குழந்தை தாயின் முதுகிலே கட்டப்பட்டிருக்கிறது. சிறிது தூரஞ் சென்றதும் நால்வரையும் சுட்டுக் கொல்லுகின்றனர். இது எந்நாட்டில், எப்பொழுது, எவர் செய்தது என்பதொன்றும் காணொளியில் இல்லை. கமரூன் நாட்டு இராணுவமே செய்தது என்று சிலர் கூற, அந்நாட்டு அமைச்சர் இது பொய்ச் செய்தி என்று மறுத்தார். ஒரு நிருபர் இரு தரப்பாரும் சொன்னதை எழுதிவிட்டு, "உண்மை தெரியவில்லை" என்று முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தனர்.

பி. பி. சி.யின் ஆபிரிக்கப் புலனாய்வுப் பிரிவினர் அக்காணொளியை ஒவ்வொரு செக்கனாகப் பார்த்தார்கள். முதல் நாற்பது செக்கன்களில் தூரத்தே ஒரு மலைத்தொடர் தெரிகின்றது. அதன் முகடுகள் ஏறி இறங்கும் கோட்டை, கூகிள் ஏர்த் என்னும் உலகப் படத்திலுள்ள மலைகளோடு ஒப்பிட்டு நோக்கினர். கமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லைக்கருகே, செலவெற் என்னும் ஊரின் பக்கம் பார்க்கும்படி ஒருவர் துப்புக் கொடுத்திருந்தார். அங்கே மலைக்கோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பிறகு பாதையின் வளைவு, மரங்கள், வீடுகள் என்று ஒவ்வொன்றாகச் செய்மதிப் படத்தோடு ஒத்துப்பார்த்தனர், யாவும் பொருந்தின.

இடம் தெரிந்தது; காலம் எப்படித் தெரிவது? காணொளியிற் காணப்பட்ட ஒரு கட்டடம் 2016 பெப்ருவரிச் செய்மதிப் படத்திலே இல்லை. ஆகவே அதற்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும். கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு வீட்டின் சுவர்கள் 2014 நவெம்பர்ப் படத்தில் இல்லை. 2015 மார்ச்சுப் படத்தில் உண்டு. மண்பாதையோ கோடைகாலத்தில் மாத்திரமே தெளிவாகத் தெரிவது. கடைசியாக நிழல். நடந்து செல்லும் படையினரின் நிழல் எத்திசையில், எவ்வளவு நீளத்தில் விழுகின்றது என்று அளந்து, சூரியன் அவ்விடத்திலே அந்த உயரத்தில் நிற்கும் நாள்கள் எவை என்று கணித்தனர். நம் முன்னோர் வெயிலில் நின்று தம் நிழலை அடியால் அளந்து நேரம் சொன்ன வித்தைதான் இது. 2015 மார்ச் 20 இற்கும் ஏப்பிரல் 5 இற்கும் இடைப்பட்ட காலம் என்று முடிவு வந்தது.

இந்த உடை எமது படையினர் அங்கே அணிவதன்று என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அப்பகுதியிற் கடமையாற்றிய படையினர் தாமே முகநூலில் இட்டிருந்த படங்களில் அதே உடை காணப்பட்டது. துப்பாக்கியும் அவ்விராணுவத்தின் சில பிரிவுகளில் வழங்குவதே. காணொளியிலே ஒருவன் மற்றவனை அழைக்கும் செல்லப்பெயரைக் கொண்டு, அப்பெயருடையவனின் முகநூற் பக்கத்தையும் கண்டுபிடித்தனர். இவ்வேலையில் மனித உரிமை ஸ்தாபனத்தாரும், ருவிற்றர் வழியாக ஒன்றுசேர்ந்த தன்னார்வ ஆய்வாளர்களும் பங்குகொண்டனர். 2018 செப்ரெம்பரில் பி. பி. சி. இதனை வெளியிட்டது. அதற்கிடையில் ஆகஸ்டு மாதத்திலேயே கமரூன் அரசாங்கம், ஏழு படையினர் கைதுசெய்யப்பட்டு விசாரிக்கப்படுகின்றனர் என்று அறிவித்துவிட்டது. 2020 செப்ரெம்பரில் இராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்து வருடமும் ஒருவருக்கு இரண்டு வருடமும் சிறைத்தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது.

மலேசிய விமானம் எம். எச். 17 உக்ரேனிலே 2014 ஜூலை 17 இல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபொழுதும், ஏவுகணையைக் கொண்டுசென்ற வாகனம் எந்தெந்தத் தெருவால் போயிற்று என்பதை, வழியிலே நின்றவர்கள் இணையத்தில் இட்ட படங்களைக் கொண்டு பெலிங்கற் என்னும் குழுவினர் இவ்வாறே தொடர்ந்து கண்டனர். 2022 நவெம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுட்சிறை விதித்தது.

இவ்வளவு நன்மை செய்யக்கூடிய சாதனம், விசாரிக்கப்படாமல் விடப்பட்டால் என்ன செய்யும் என்பதை நாம் வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 2018 பெப்ருவரி 26 ஆந் திகதி இரவு அம்பாறையிலே ஓர் உணவுச்சாலையில், கறியிற் கிடந்த கட்டியொன்று மலட்டு மாத்திரை என்று சிலர் கூச்சலிட்டனர். முஸ்லிமான கடைக்காரர் கூட்டத்தினால் மிரட்டப்பட்டு, தமக்கு விளங்காத மொழியிலே கேட்கப்பட்ட கேள்விக்கு ஆமென்று சொன்னது போன்ற ஒரு காணொளி முகநூலிலே பரவியது. ஆணையோ பெண்ணையோ ஓர் உணவு வேளையில் நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இல்லையென்று எந்த வைத்தியரும் ஒரு நிமிஷத்திற் சொல்லியிருப்பார். கறியிற் கிடந்தது மாக்கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். அதற்குள் அம்பாறையிலே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த சில நாள்களிற் கண்டி மாவட்டத்திலே திகன, தெல்தெனியப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் முகநூல் முதலியன நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் தனது பங்குக்கு வருத்தந் தெரிவித்தது. ஒரு வைத்தியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, அதனை அன்றிரவே சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட ஒரு நிருபர் முந்தியிருந்தால் எவ்வளவு தணிந்திருக்கும் என்று நாம் இன்றும் எண்ணுவதுண்டு.

பெயர் விஷயத்திலோ இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். 2013 ஏப்பிரல் 15 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஓட்டப்போட்டியிலே குண்டு வெடித்தது. சந்தேகநபர்களின் படங்களை அதிகாரிகள் வெளியிட்டதும், ரெடிற் என்னும் தளத்திலே கூடியவர்கள் தாமே துப்பறியத் தொடங்கினார்கள். ப்ரவுண் சர்வகலாசாலையில் பயின்று, சில வாரங்களுக்கு முன் காணாமற்போயிருந்த ஒரு மாணவரின் முகம் அதுபோல இருக்கிறதென்று ஒருவர் சொல்ல, ஓரிரவுக்குள் ஆயிரக்கணக்கானோர் அப்பெயரைப் பரப்பினர். செய்தியாளர் சிலரும் சேர்ந்துகொண்டனர். அவரைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் வைத்திருந்த முகநூற் பக்கம் வசைகளால் நிறைந்தது. அவர்கள் அதனை மூடவேண்டியதாயிற்று. குற்றவாளிகள் வேறு இருவர். ஏப்பிரல் 23 ஆந் திகதி அம்மாணவரின் உடல் ஆற்றிலே கண்டெடுக்கப்பட்டது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்?

ஆறு வருடங்களின் பின், 2019 ஏப்பிரல் 21 இல் நம் நாட்டிலே உயிர்த்த ஞாயிறு தினக் குண்டுகள் 260 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டன. ஏப்பிரல் 25 இல் பொலிசார் ஆறு சந்தேகநபர்களின் படங்களை வெளியிட்டனர். அதில் ஒரு படம் அமெரிக்காவிலே பிறந்து, அங்கேயே பயின்றுகொண்டிருந்த, இலங்கைப் பெற்றோரின் மகளான ஒரு மாணவியினுடையது. விசித்திரம் என்னவெனில் அவரும் அதே ப்ரவுண் சர்வகலாசாலை மாணவியே. தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தம் குடும்பத்தவருக்கு ஆபத்து நேரலாம் என்று அவர் முகநூலிலே எழுதினார். பொலிசார் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினர். இங்கே பிழை விட்டது உத்தியோகபூர்வமான அறிவித்தல். உண்மை சொன்னது முகநூல். ஆதலின் "பொலிசார் சொன்னார்கள்" என்பதும் சோதனைக்கு விலக்கன்று. குற்றஞ் சாட்டி ஒருவரின் பெயரையோ முகத்தையோ வெளியிடுமுன், அவரிடமோ அவரது வீட்டாரிடமோ பேச முயன்றோமா என்ற கேள்விக்கு நிருபர் விடை வைத்திருக்க வேண்டும். இக்கேள்விக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இனி நம்முடைய மாவட்ட நிருபர் ஒருவர், செய்மதிப் படமும் ஆய்வாளர் கூட்டமும் இல்லாமல், ஒரு கைத்தொலைபேசியோடு என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்பாம். வட்ஸ்அப்பிலே ஒரு படம் வருகின்றது. அனுப்பியவரை முதலிற் கேட்க வேண்டியது, "இது நீர் எடுத்ததா?" என்பதே. பெரும்பாலும், "இல்லை அண்ணை, வேறொரு குழுவில் வந்தது" என்றே விடை வரும். அங்கே போய்க் கேட்க வேண்டும். அதற்கு மேலும் போக வேண்டும். எடுத்தவர் கிடைக்கும்வரை அது ஊர்ப்பேச்சு மாத்திரமே. எடுத்தவர் கிடைத்தால் முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் காட்டச் சொல்லலாம். உண்மையாக அங்கே நின்றவனிடம் ஒரு படம் மாத்திரம் இராது.

மாரிகாலம் வந்தால் சில வெள்ளப் படங்கள் வருடந்தோறும் ஊர் மாறி ஊர் மாறி வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஒரு படத்தைக் கொடுத்து, அது முன்னர் எங்கே வெளிவந்தது என்று தேடும் வசதி கூகிளிலும் ரின்ஐ என்னும் தளத்திலும் இலவசமாக உண்டு. அது பழைய படங்களைப் பிடிக்கும். புதிய பொய்யைப் பிடிக்க நம் கண்தான் வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் என்ன மொழி முதலில் வருகிறது, பஸ்ஸின் பெயர்ப்பலகையில் எந்த ஊர், வேலி ஓலையா தகரமா, வளவிலே நிற்பது பனையா தென்னையா என்று பார்ப்பதற்கு நம்மூர்ப் பிள்ளைகளை வெல்ல எந்த இயந்திரமும் இல்லை. இந்த அறிவு கொழும்பிலே மேசைக்குப் பின்னாலிருக்கும் பத்திராதிபருக்குக் கிடையாது. அவர் உங்களைக் கேட்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்படும் படங்களும் இப்பொழுது சேர்ந்துகொண்டன. 2023 மே 22 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகத்தின் அருகே குண்டு வெடித்ததாக ஒரு பொய்ப்படம் வெளிவந்து, அந்நாட்டுப் பங்குச் சந்தையையே சில நிமிஷம் தளர வைத்தது. அதைப் பரப்பிய கணக்குகளிற் சிலவற்றுக்கு ருவிற்றரின் நீல அடையாளமும் இருந்தது. ஒருகாலத்தில் இன்னார் இவரே என்று சோதித்துக் கொடுத்த அடையாளம், கம்பனி கைமாறிய பின் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அப்பகுதித் தீயணைப்புப் படையினர், அப்படியொன்றும் நடக்கவில்லை என்று சொல்லி அப்பொய்யை முடித்துவைத்தார்கள். ஆக, அங்கே நிற்பவரைக் கேட்பதே இதற்கும் மருந்தாயிற்று. அன்றியும் இக்கருவிகளை நிரந்தரமென நம்புதலும் தவறு. முகநூலிலே எது எவ்வாறு பரவுகின்றது என்று காட்டி நிருபர்களுக்கு உதவிய குறவுட்ராங்கில் என்ற கருவியை அதன் உரிமையாளரே 2024 ஆகஸ்டில் மூடிவிட்டனர். நம் நாட்டிலோ 2018 இலும், 2019 இலும், 2022 ஏப்பிரலிலும் ஊடகங்களே தடைப்பட்டன. அந்நாள்களிலே தொலைபேசி இலக்கங்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த பழைய நிருபர்கள்தான் வேலை செய்தார்கள்.

படம் எடுத்தவருடைய உரிமையை இங்கே பலரும் மதிப்பதில்லை. இணையத்திற் கிடப்பது சந்தியிற் கிடக்கும் கல்லன்று. 2010 ஜனவரியில் ஹெயிற்றி நாட்டு நிலநடுக்கத்தை அந்நாட்டுப் படப்பிடிப்பாளர் டானியல் மொறெல் படமெடுத்து ருவிற்றர் வழியாக வெளியிட்டார். அவரைக் கேளாமல் அப்படங்களை எடுத்து விநியோகித்த ஏ. எப். பி., கெற்றி ஆகிய இரு பெரிய நிறுவனங்கள் 12 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டுமென 2013 நவெம்பரிலே நியூயோர்க் ஜூரிமார் தீர்ப்பளித்தனர். கேட்டு வாங்குவதும், பெயரைப் போடலாமா என்று கேட்பதும் வேண்டும். பெயரைப் போட்டால் அவருக்கு ஆபத்தென்றால், அவர் சம்மதித்தாலும் போடாதிருப்பதே எமது கருத்து. கமரூன் துப்பைக் கொடுத்தவரின் பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

முடிவாக, நிருபரல்லாத வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு முக்கியமான சம்பவத்தைப் படமெடுக்க நேர்ந்தால், உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டு, ஓரிடத்திலே அசையாமல் நின்று சற்று நேரம் எடுங்கள். சுற்றுப்புறத்தையும் ஒருமுறை காட்டுங்கள்; கோபுரமோ, குளக்கட்டோ, பெயர்ப்பலகையோ, ஒன்று தெரியட்டும். பாட்டுச் சேர்க்க வேண்டாம். வெட்டி ஒட்ட வேண்டாம். காயப்பட்டவரின் முகத்துக்குக் கிட்டப் போகவேண்டாம். மூலப் பிரதியை அழித்துவிடாது வைத்திருங்கள். வட்ஸ்அப்பிலே படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்பு அதிலிருந்து நீங்கிவிடும். ஆகவே நிருபருக்குக் கொடுப்பதானால் மூலப் பிரதியையே மின்னஞ்சலிலோ நேரிலோ கொடுங்கள். எந்நாள், எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் நின்று எடுத்தீர்கள் என்பதை அன்றே ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்தல் நன்று. மரணச் செய்தியானால், வீட்டார் அறிந்துவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்ட பின்னரே முகநூலைத் திறவுங்கள்.

நேரம் கடந்துவிட்டதாக அக்கிராசனர் அவர்கள் குறிப்புக் காட்டுகின்றார்கள். வினாக்கள் உள்ளவர்கள் தேநீர் வேளையிற் கேட்கலாம். கைத்தொலைபேசியில் வந்த படமெதையேனும் பற்றிச் சந்தேகமிருப்பின் அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.